மின்சாரத்துக்கு எத்தனை சொல்? ஆங்கிலத்துக்கு உருது இணை தேடிய கதை

லாகூரில் ஒரு வீட்டில் மின்சாரம் நின்றுபோனால் ‘பிஜ்லி’ போய்விட்டது என்பார்கள். அந்த வீட்டுப் பையன் உருது வழியில் இயற்பியல் படிப்பவனாக இருந்தால், அவன் புத்தகத்தில் அதே மின்சாரத்துக்குப் பெயர் ‘பர்க்’. மின்னோட்டம் ‘பர்க்கீ ரௌ’. தெருமுனைக் கடையின் பெயர்ப்பலகையோ உருது எழுத்தில் ‘எலெக்ட்ரிக் ஸ்டோர்’ என்கிறது. ஏன் மின்சாரம் நின்றது என்று கேட்டால் வரும் பதில் ‘லோட்ஷெடிங்’. இந்தக் கடைசிச் சொல்லுக்கு உருது இணை வேண்டும் என்று பொதுமக்கள் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

பிஜ்லி, பர்க் இரண்டுக்கும் முதற்பொருள் மின்னல். முதலாவது சமஸ்கிருதத்திலிருந்து பிராகிருத வழியாகத் தேய்ந்து வந்தது, இரண்டாவது அரபி. நாமும் மின்னலிலிருந்துதானே மின்சாரத்தை எடுத்தோம்! டெலிகிராஃபுக்கு நாம் தந்தி என்றோம்; அவர்கள் கம்பி என்ற பொருளுள்ள ‘தார்’ என்றார்கள். ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்காமல் இரு மொழிகளும் ஒரே மாதிரி யோசித்த இடங்கள் இவை.

ஆங்கிலச் சொல் ஒன்று உருதுவுக்குள் நுழைய இப்படி மூன்று வாசல்கள் உண்டு. மக்கள் வாயில் ஏற்கெனவே புழங்கும் சொல்லுக்குப் புதுப்பொருள் ஏற்றுவது ஒன்று. அரபி, பாரசீக வேர்களிலிருந்து புதுச்சொல் வார்ப்பது இரண்டாவது. ஆங்கிலச் சொல்லையே உருதுக்காரர் நாக்குக்கு ஏற்ப வளைத்துக்கொள்வது மூன்றாவது. எந்தச் சொல் எந்த வாசல் வழியே வந்து நிலைத்தது, எது வாசலிலேயே நின்றுபோனது என்பதை அகராதிகளை மட்டும் புரட்டிக் கண்டுபிடிக்க முடியாது. அந்தச் சொல்லை அன்றாடம் எழுதியாக வேண்டிய கட்டாயம் யாருக்காவது இருந்ததா என்று பார்க்க வேண்டும். கோர்ட் குமாஸ்தாவுக்கு அந்தக் கட்டாயம் இருந்தது. கல்லூரி மாணவனுக்குச் சில காலம் இருந்தது. அகராதி ஆசிரியருக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

முதல் அகராதிகளை உருது பேசுவோர் செய்யவில்லை, அவர்களுக்காகவும் செய்யவில்லை. இந்துஸ்தானிக்கு (உருதுவை ஐரோப்பியர் அன்று அழைத்த பெயர்) முதல் இலக்கணம் எழுதியவர் கேட்டலார் என்ற டச்சு வணிக அதிகாரி. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில். அடுத்த முக்கியமான ஆள் நம்மூர்க்காரர் போன்றவர்: தரங்கம்பாடியிலும் சென்னையிலும் பணியாற்றிய லுத்தரன் பாதிரியார் பெஞ்சமின் சூல்ட்ஸ். அவர் லத்தீனில் எழுதிய இந்துஸ்தானி இலக்கணம் 1745இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. தெலுங்கும் தமிழும் நடக்கும் சென்னையில் அவர் காதில் விழுந்தது தக்கினி உருது. 1790இல் ஹென்றி ஹாரிஸ் என்பவரின் ஆங்கில–இந்துஸ்தானி அகராதி வெளிவந்ததும் சென்னையில்தான். உருது அகராதிகளின் வரலாற்றை டெல்லி, லக்னோ, கல்கத்தா என்று மட்டுமே சொல்லிப்போகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுகிறார்கள்.

பெரிய பாய்ச்சல் ஜான் கில்கிறிஸ்டுடையது. 1782இல் இந்தியா வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவரான ஸ்காட்லாந்துக்காரர். விடுப்பு எடுத்துக்கொண்டு ஃபைசாபாத்தில் தாடி வளர்த்து, உள்ளூர் உடை உடுத்து மொழி கற்றார். பிறகு காஜிப்பூரில் அவுரி பயிரிட்டுக்கொண்டே முன்ஷிகளை (எழுத்தறிந்த உள்ளூர் உதவியாளர்களை) உட்காரவைத்துச் சொல் திரட்டினார். அவருடைய ஆங்கில–இந்துஸ்தானி அகராதி 1780களின் இறுதியிலிருந்து 1790 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. தாங்கள் பேசும் மொழிக்கு அகராதி எதற்கு என்று உள்ளூர்ப் படிப்பாளிகள் அவரை வியப்போடு பார்த்தார்கள். பாரசீகத்துக்கும் அரபிக்கும் அகராதி வைத்திருந்தவர்கள் வீட்டுமொழிக்கு அது தேவை என்று நினைக்கவில்லை.

யார் எதற்காக அகராதியைப் புரட்டினார்கள் என்பது இங்கே முக்கியம். கில்கிறிஸ்டின் வாசகன் இளம் ஆங்கிலேய அதிகாரி. அவனுக்கு ஆங்கிலச் சொல் தெரியும். சிப்பாயிடமும் சமையற்காரனிடமும் வாயைத் திறக்க ஒரு சொல் வேண்டும். ஆகவே அகராதி தரும் இணைச்சொல் பேசக்கூடியதாக இருந்தாக வேண்டும். நூறாண்டு கழித்து அதே அகராதியைப் புரட்டியவன் ஆங்கிலப் புத்தகத்தின் முன் திகைத்து நின்ற இந்திய மாணவன். அவனுக்குத் தேவை விளக்கம். பேச உதவும் இணைச்சொல்லும் புரிய உதவும் விளக்கமும் ஒன்றல்ல. இன்றைய ஆங்கில–உருது அகராதிகள் பலவற்றில் ஒரு சொல்லுக்கு நேராக ஏழெட்டுச் சொற்கள் காற்புள்ளி போட்டு வரிசையாக நிற்பதும், அவற்றில் எது தெருச்சொல், எது புலவர் சொல், எது செத்துப்போனது என்று ஒரு குறிப்பும் இல்லாததும் இந்தக் குழப்பத்தின் மிச்சம்.

1800இல் கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரி தொடங்கியபோது கில்கிறிஸ்ட் அதன் முதல் இந்துஸ்தானிப் பேராசிரியரானார். பின்னர் ஷேக்ஸ்பியர் (நாடகாசிரியர் அல்ல, ஜான் ஷேக்ஸ்பியர், 1817), டங்கன் ஃபோர்ப்ஸ் (1848) என்று அகராதிகள் தொடர்ந்தன. அவற்றை விரைவாகக் கடந்து ஃபாலனிடம் போய்விடலாம். என் கணக்கில் இந்தத் துறையின் ஒரே மேதை அவர்தான்.

எஸ். டபிள்யூ. ஃபாலன் பீகாரில் பள்ளி ஆய்வாளர். 1858இலேயே சட்டத்துக்கும் வணிகத்துக்குமாக ஓர் ஆங்கில–இந்துஸ்தானி அகராதி போட்டவர். 1879இல் காசியில் வெளியான அவருடைய பெரிய அகராதி, இந்துஸ்தானியிலிருந்து ஆங்கிலத்துக்கு. முன்ஷிகள் அரபியையும் பாரசீகத்தையும் அள்ளிக்கொட்டி மொழியைக் கெடுக்கிறார்கள் என்பது அவர் வாதம். ஆகவே சொற்களைப் பழமொழிகளிலும் நாட்டுப்பாடல்களிலும் சந்தைப் பேச்சிலும் தேடினார். வெளி ஆண்களோடும் அந்நிய மொழியோடும் கலக்காத பெண்களின் பேச்சில்தான் தூய இந்துஸ்தானி இருக்கிறது என்று எழுதினார். அவர் சேர்த்த சொற்களில் சில நாகரிகமற்றவை என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆங்கிலத்திலிருந்து இந்துஸ்தானிக்கான அவருடைய அகராதி, 1880இல் அவர் இறந்தபின் 1883இல் வந்தது. அடுத்த ஆண்டே ஜான் பிளாட்ஸின் அகராதி வந்து ஃபாலனை ஓரங்கட்டிவிட்டது. பிளாட்ஸ் கவனமான அறிஞர். சொற்பிறப்புக்கு இன்றும் அவரிடம்தான் போக வேண்டும். ஆனால் அவர் அகராதி நூலகத்தில் உட்கார்ந்து செய்தது. ஃபாலனுடையதில் மனிதர்களின் குரல் கேட்கும். ஃபாலனிடம் வேலை பார்த்த சையத் அகமது தெஹ்லவி பிற்காலத்தில் ‘ஃபர்ஹங்-ஏ-ஆசஃபியா’ என்ற பெரிய உருது அகராதியை நான்கு தொகுதிகளாகக் கொண்டுவந்தார்.

இதுவரை சொன்னது வெளியார் சேகரித்த கதை. உருதுக்காரர்களே ஆங்கிலச் சொல்லுக்கு இணை தேடத் தொடங்கியது டெல்லிக் கல்லூரியில். 1825இல் தொடங்கிய அந்தக் கல்லூரியில் ஆங்கில அறிவியலை உருது வழியில் சொல்லிக்கொடுத்தார்கள். 1840களின் தொடக்கத்தில் முதல்வர் பூத்ரோஸ் காலத்தில் ஒரு மொழிபெயர்ப்புச் சங்கம் இயங்கியது. அவர்கள் வகுத்துக்கொண்ட விதிகள் வியக்கத்தக்க அளவு நிதானமானவை. உருதுவில் எளிய இணை இல்லையென்றால் சோடியம், பொட்டாசியம், குளோரின் என்று அப்படியே எழுது. அரபியைக் கசக்கிப் பிழியாதே. கணித ஆசிரியர் மாஸ்டர் ராமசந்திரர் அங்கேதான் கற்பித்தார். அவருடைய கணித நூலை லண்டனில் 1859இல் மறுபதிப்புச் செய்யவைத்தவர் கணிதவியலாளர் டி மார்கன். ஆனால் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1857இன் கலகத்தில் கல்லூரி சூறையாடப்பட்டுவிட்டது. அந்த நிதானமும் அதோடு போயிற்று.

அந்தக் கல்லூரியில் படித்த ஒருவர்தான் இந்தக் கதையில் அசாத்திய வெற்றி பெற்றவர்: டெபுடி நசீர் அகமது. ‘மிராத்துல் உரூஸ்’ (1869) எழுதிய நாவலாசிரியர் என்றே இன்று அவரைப் பலரும் அறிவார்கள். அதற்கு முன்பே அவர் வேறொரு பெரிய காரியம் செய்திருந்தார். 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டம் வந்ததும், வேறு சிலரோடு சேர்ந்து அதை ‘தாஜிராத்-ஏ-ஹிந்த்’ என்று உருதுவில் பெயர்த்தார். 1837க்குப் பின் வட இந்தியாவின் பெரும்பகுதியில் கோர்ட் மொழி பாரசீகத்திலிருந்து உருதுவுக்கு மாறியிருந்தது. அந்தச் சட்டத்தை வரைந்த மெக்காலே குழு செதுக்கிய ஒவ்வொரு குற்றத்துக்கும் ஓர் உருதுப் பெயர் வேண்டும். பொருள் ஒரு மயிரிழை பிசகினாலும் யாரோ ஒருவன் சிறைக்குப் போவான்.

சட்டவிரோதமாக ஒருவரை அடைத்துவைப்பதற்கு ‘ஹப்ஸ்-ஏ-பேஜா’. ஹப்ஸ் என்றால் அடைப்பு. பேஜா என்றால் இடமல்லாத இடத்தில் செய்வது, முறையற்றது. அந்த ‘பேஜா’வை வைத்துக்கொண்டே பல குற்றங்களைக் கட்டிவிட்டார்கள்: அத்துமீறி நுழைவது ‘முதாகலத்-ஏ-பேஜா’, வழிமறிப்பது ‘முஸாஹமத்-ஏ-பேஜா’. மிரட்டிப் பணம் பறிப்பது ‘இஸ்திஹ்ஸால் பில்ஜப்ர்’, அதாவது வன்முறையால் ஈட்டுதல். அவதூறுக்கு ‘இஸாலா-ஏ-ஹைசியத்-ஏ-உர்ஃபீ’. இஸாலா நீக்குதல், ஹைசியத் தகுதி, நிலை, உர்ஃபீ நாலு பேர் அறிந்த. ஊரார் மத்தியில் ஒருவருக்குள்ள மதிப்பை அகற்றுதல் என்று அந்தத் தொடர் விரிகிறது. ஆங்கில மூலம் ஒரே சொல்லில் அடக்கிவிடும் குற்றத்தை இது வரையறையாகவே தருகிறது. நீளம் அதிகம்தான். பத்திரிகைகளும் பேச்சும் அதைத் தாங்காமல் ‘ஹதக்-ஏ-இஸ்ஸத்’, மானத்தைக் கிழித்தல், என்று சுருக்கிக்கொண்டன. ஆனாலும் சட்டத்தில் நசீர் அகமதின் தொடருக்குச் சாவு இல்லை. பாகிஸ்தானில் தண்டனைச் சட்டத்துக்கே ‘தாஜிராத்-ஏ-பாகிஸ்தான்’ என்றுதான் பெயர்.

இவை அழகான சொற்கள் என்பதால் நிலைக்கவில்லை. ஒவ்வொரு தாணாவிலும் (காவல் நிலையத்திலும்) முன்ஷி ஒவ்வொரு நாளும் ரோஜ்நாமச்சா என்ற நாட்பதிவேட்டில் இவற்றை எழுதியாக வேண்டியிருந்தது. புதிதாக வந்த காவலர் பழைய ஆவணத்தைப் பார்த்து எழுதினார். அவரைப் பார்த்து அடுத்தவர் எழுதினார். பிரிவினைக்குப் பின் டெல்லியில் உருது படித்தவர்களே அருகிப்போன பிறகும், தேவநாகரி எழுத்தில் அதே சொற்கள் முதல் தகவல் அறிக்கைகளில் தொடர்ந்தன. புகார் கொடுத்தவருக்குப் புரியாத சொற்கள் எதற்கு என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2019இல் கேட்டது. அதன்பின் காவல்துறை தவிர்க்க வேண்டிய உருது, பாரசீகச் சொற்கள் 383ஐப் பட்டியலிட்டது. லாகூர்ப் பக்கம் மக்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். முதல் தகவல் அறிக்கை அங்கே பேச்சில் ‘பர்ச்சா’, துண்டுச்சீட்டு. யார்மீதாவது வழக்கு பதிவானால் ‘பர்ச்சா வெட்டிவிட்டார்கள்’.

இந்தக் கச்சேரி (அரசு அலுவலக) மொழி தெற்கேயும் வந்தது. முகலாய, ஆர்க்காட்டு நவாப் நிர்வாகத்தின் வழியே வந்து, கம்பெனி ஆட்சியில் வேரூன்றியது. தாசில்தார், ஜமாபந்தி, வக்கீல், ஜப்தி, அமீனா, வாரிசு, ரசீது, வசூல், ரத்து, நகல் எல்லாம் அந்தச் சரக்கு. ஆனால் சொற்கள் ஊர் மாறும்போது வேலையும் மாறிக்கொள்கின்றன. உருதுவில் ‘ஜாமின்’ பிணை நிற்கும் ஆள். பிணைக்குப் பெயர் ‘ஜமானத்’. தமிழில் ஆளின் பெயர் பிணைக்குப் போய்விட்டது. ஆளைக் குறிக்க ஜாமீன்தார் என்று வால் சேர்த்தோம். ராஜினாமா இன்னும் சுவையானது. உருதுவில் ‘ராஜீநாமா’ என்றால் வழக்காடிய இரு தரப்பும் சமாதானமாகி எழுதிக்கொடுக்கும் பத்திரம். வேலையை விடுவதற்கு அங்கே ‘இஸ்தீஃபா’. நம் அமைச்சர் ஒருவர் ராஜினாமா செய்தார் என்ற செய்தியை உருது மட்டும் அறிந்தவர் சொல்லுக்குச் சொல் கேட்டால், யாரோடோ சமரசம் ஆகிவிட்டார் என்று நினைப்பார். சில ராஜினாமாக்களின் உள்கதையைப் பார்த்தால் அது அவ்வளவு தவறும் இல்லை.

கோர்ட்டில் அரசின் கட்டாயம் இருந்தது. கருத்துலகத்தில் அப்படி இல்லை. அங்கே சொல்லுக்கு அடிதடியே நடந்தது. சையத் அகமது கான் 1864இல் காஜிப்பூரில் அறிவியல் சங்கம் தொடங்கினார். பிறகு அது அலிகருக்கு மாறியது. ஆங்கில நூல்களை உருதுவில் பெயர்ப்பதுதான் நோக்கம். அந்த மனிதரே ‘நேச்சர்’ என்ற சொல்லைப் பெயர்க்காமல் உருது எழுத்தில் அப்படியே எழுதினார். ‘ஃபித்ரத்’ இருந்தது, ‘குத்ரத்’ இருந்தது. இரண்டும் இறைவனோடு ஒட்டிய சொற்கள். குத்ரத் என்றால் அவனுடைய ஆற்றல் என்றே காதில் விழும். விதிகளுக்குக் கட்டுப்பட்டு இயங்கும் இயற்கை என்ற ஐரோப்பியக் கருத்தைச் சொல்ல ஒட்டுறவற்ற அந்நியச் சொல் தேவைப்பட்டது போலும். எதிரிகள் அந்தச் சொல்லையே எடுத்து அவரையும் சீடர்களையும் ‘நேச்சரி’ என்று வைதார்கள். இஸ்லாமியச் சிந்தனையாளர் ஜமாலுத்தீன் ஆப்கானி ஹைதராபாத்தில் தங்கியிருந்தபோது நேச்சரிகளை மறுத்துத் தனி நூலே எழுதினார். கவிஞர் ஹாலியோ 1893இல் கவிதை பற்றி எழுதிய புகழ்பெற்ற முன்னுரையில் ‘நேச்சுரல் ஷாயிரி’ (இயற்கையான கவிதை) வேண்டும் என்றார். ஓர் ஆங்கிலச் சொல் வசையாகவும் இலக்கியக் கொள்கையாகவும் ஒரே தலைமுறைக்குள் மாறியது.

இதே காலத்தில் இன்னொரு பிளவும் நடந்தது. இந்திக்கும் உருதுவுக்கும் இலக்கணம் ஒன்று. வா, போ, தண்ணீர், வீடு, கை, கால் எல்லாம் ஒன்று. புதிதாக வந்த ஆங்கிலக் கருத்துகளுக்குப் பெயர் வைக்கும்போதுதான் பாதை பிரிந்தது. இந்தி சமஸ்கிருதத்திடமும் உருது அரபியிடமும் கைநீட்டின. குடியரசுத் தலைவர் அங்கே ராஷ்ட்ரபதி, இங்கே சதர். தேர்தல் அங்கே சுனாவ், இங்கே இந்திகாப். பொருளியல் அங்கே அர்த்தசாஸ்திரம், இங்கே மஆஷியாத். சண்டை எழுத்தில் தொடங்கியது என்று வழக்கமாகச் சொல்வார்கள். எழுத்து கண்ணுக்குத் தெரிகிற வேறுபாடு. ஆங்கிலத்துக்கு இணை தேடிய கலைச்சொல் குழுக்கள் செய்த பிளவு அதைவிட ஆழம். ஒரு இந்திச் செய்தியறிக்கையையும் ஒரு உருதுச் செய்தியறிக்கையையும் அடுத்தடுத்துக் கேட்டால் இது விளங்கும்.

அந்தக் குழுக்களில் மிகப் பெரியது ஹைதராபாத்தில் உட்கார்ந்தது. ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான், உருதுவைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பல்கலைக்கழகத்துக்கு ஆணையிட்டார். உஸ்மானியா 1918இல் பிறந்தது. அதற்கு முன்னால் 1917இலேயே தாருல் தர்ஜுமா என்ற மொழிபெயர்ப்பு நிலையம் திறந்தாயிற்று, மௌல்வி அப்துல் ஹக் தலைமையில். வகுப்பு தொடங்குமுன் பாடநூல் வேண்டும். பாடநூலுக்கு முன் கலைச்சொல் வேண்டும். கணிதம், வேதியியல் மட்டுமல்ல, மருத்துவமும் பொறியியலும் உருதுவில். இந்திய மொழி ஒன்றில் இவ்வளவு பெரிய அளவில் இதற்கு முன் யாரும் செய்து பார்த்ததில்லை.

அங்கே வேலை பார்த்தவர்களின் பட்டியலே ஒரு இலக்கிய வரலாறு. ‘உம்ராவ் ஜான் அதா’ எழுதிய மிர்ஸா ஹாதி ருஸ்வா தத்துவ நூல்களைப் பெயர்த்தார். ஆங்கிலக் கவிஞர் கிரேயின் இரங்கற்பாவை உருதுவில் தந்த நஸ்ம் தபாதபாயி மொழிநடையைத் திருத்தினார். பின்னாளில் ‘புரட்சிக் கவி’ என்று பெயரெடுத்த ஜோஷ் மலிஹாபாதியும் 1930களின் நடுவரை அங்கே சம்பளம் வாங்கினார். பாட வல்லுநர்களும் மொழி வல்லுநர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஆங்கிலச் சொற்பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தீர்த்தார்கள். கட்சி இரண்டாகப் பிரிந்தது. அரபி வேரிலிருந்து அரபி இலக்கணப்படியே வார்க்க வேண்டும் என்றது ஒன்று. வஹீதுத்தீன் சலீம் எதிர்க்கட்சி. உருது ஆரிய மொழி, முன்னொட்டும் பின்னொட்டும் ஒட்டிச் சொல் வளர்ப்பது அதன் இயல்பு, அரபியின் மூவெழுத்து வேருக்குள் அதைத் திணிக்காதே என்றார். 1921இல் ‘வஸ்ஏ இஸ்திலாஹாத்’ என்று கலைச்சொல்லாக்கத்துக்கே ஒரு நூல் எழுதினார். பாரசீக ‘பீன்’ (பார்ப்பது) ஒட்டி தூர்பீன், குர்த்பீன் என்று தொலைநோக்கியும் நுண்ணோக்கியும் ஏற்கெனவே இயல்பாக நின்றன. ‘பைமா’ (அளப்பது) ஒட்டினால் அளவுகருவிகள் வரிசையாகப் பிறக்கும். என் மனம் சலீமின் பக்கம்தான். ஒட்டைத் தெரிந்துகொண்ட மாணவன் அடுத்த சொல்லைத் தானே ஊகிப்பான். அரபி வார்ப்பு தெரியாதவனுக்கு ஒவ்வொரு சொல்லும் புதிதாக மனப்பாடம்.

அரபிக் கட்சியும் ஒரு நல்ல கருவியை விட்டுச்சென்றது: ‘இயாத்’ என்ற ஈறு. நஃப்ஸ் என்றால் உள்ளம், நஃப்ஸியாத் உளவியல். மஆஷியாத் பொருளியல், ஹயாத்தியாத் உயிரியல், இம்ரானியாத் சமூகவியல். நம்முடைய ‘இயல்’ செய்கிற வேலையை அது அப்படியே செய்கிறது. 1916இல் சேலத்தில் ராஜாஜி தமிழில் அறிவியல் சொல்லாக்கத்துக்கென ஒரு சங்கம் தொடங்கியிருந்தார். தெற்கே இரண்டு ஊர்களில், ஒரே சமயத்தில், ஒரே சிக்கலோடு அறிஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பக்கம் நிஜாமின் கஜானா, மறுபக்கம் சில ஆர்வலர்களின் கைக்காசு.

நிஜாமின் கஜானா பணம் என்பதுதான் உஸ்மானியாவின் பலவீனமும். சமஸ்தானத்தின் பெரும்பாலான மக்கள் பேசியது தெலுங்கு, மராத்தி, கன்னடம். அவர்களுக்கு உருதுவும் ஆங்கிலம் போல அதிகாரத்தின் மொழியே. ‘தாய்மொழிக் கல்வி’ என்று உஸ்மானியாவைப் போற்றுகிறவர்கள் இந்த இடத்தில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நகர்வார்கள். 1948 செப்டம்பரில் இந்தியப் படை ஹைதராபாத்துக்குள் வந்தது. விரைவிலேயே பயிற்றுமொழி ஆங்கிலமானது. முப்பது ஆண்டு உழைப்பில் உருவான கலைச்சொற்களை எழுதியாக வேண்டிய கட்டாயம் ஒரே மாற்றத்தில் நீங்கியது. சொற்கள் தவறானவை என்று யாரும் நிரூபிக்கவில்லை. தேர்வுத்தாள் மாறியது, அவ்வளவே. நஃப்ஸியாத் போன்றவை பத்திரிகை வழியே தப்பித்து இன்று எல்லோர் வாயிலும் இருக்கின்றன. வேதியியல் சொற்களில் பெரும்பாலானவை நூலக அலமாரியில் இருக்கின்றன. 1998இல் அதே ஹைதராபாத்தில் மௌலானா ஆசாத் தேசிய உருதுப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அவற்றில் சிலவற்றைத் தூசி தட்ட வேண்டிவந்தது.

இதற்கிடையே அப்துல் ஹக், அஞ்சுமன் தரக்கீ-ஏ-உருது என்ற உருது வளர்ச்சிச் சங்கத்தின் செயலாளராக இருந்து, 1937இல் ஆங்கில–உருது நிலையகராதியைக் கொண்டுவந்தார். ஆக்ஸ்ஃபோர்டின் கன்சைஸ் அகராதியை அடியொற்றிய அது, இந்திய மாணவனுக்காக எழுதப்பட்ட முதல் பெரிய ஆங்கில–உருது அகராதி. மரபுத்தொடர்களுக்கு மரபுத்தொடரையே இணையாகத் தேடிய அதன் பிடிவாதம் பாராட்டத்தக்கது. பிரிவினைக்குப் பின் கராச்சிக்குப் போன அவரை ‘பாபா-ஏ-உருது’, உருதுவின் தந்தை, என்றார்கள்.

பாகிஸ்தானில் உருது அரசமொழியானபோது சொல்லுக்கு மீண்டும் கட்டாயம் வரும் என்று எதிர்பார்த்தார்கள். 1973 அரசியல் சட்டத்தின் 251ஆம் பிரிவு பதினைந்து ஆண்டுகளுக்குள் உருதுவை அலுவல் மொழியாக்க ஏற்பாடு செய்யச் சொன்னது. 1979இல் முக்ததிரா கௌமீ ஸபான் என்ற தேசிய மொழி அமைப்பு வந்தது. அலுவலகச் சொற்பட்டியல்களை வெளியிட்டது. 1992இல் ஜமீல் ஜாலிபியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ‘கௌமீ ஆங்கில–உருது அகராதி’யைத் தந்தது. கருவிகள் எல்லாம் தயார். கோப்புகள் ஆங்கிலத்திலேயே நகர்ந்தன. 2015 செப்டம்பர் 8 அன்று தலைமை நீதிபதி ஜவ்வாத் கவாஜா, 251ஆம் பிரிவைத் தாமதமின்றி நிறைவேற்று என்று உருதுவிலேயே தீர்ப்பளித்தார். மறுநாள் ஓய்வு பெற்றார். கோப்புகள் இன்னும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. உருது அங்கும் பெரும்பான்மையின் தாய்மொழி இல்லை. 2017 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 7 விழுக்காடுதான்.

ஜாலிபியைப் பற்றி ஒரு செய்தி சொல்லாமல் போக முடியாது. ஆங்கிலச் சொற்களுக்கெல்லாம் உருது இணை தந்த அந்த அகராதிக்காரர் 1964இல் எழுதிய புகழ்பெற்ற நூலின் தலைப்பு ‘பாகிஸ்தானீ கல்ச்சர்’. தஹ்ஸீப் என்ற சொல் நடத்தைப் பண்பாட்டின் பக்கம் சாய்கிறது, சகாஃபத் கலை, அறிவின் பக்கம். இரண்டையும் சேர்த்துச் சொல்லக் கல்ச்சர்தான் தோது என்று முடிவு கட்டினார். முரண்பாடு என்று சிரிக்கலாம். எனக்கு அது நேர்மையாகவே படுகிறது.

அவருக்கு இருந்த அந்தச் சுதந்திரம் அரசியல் சொற்களில் கிடைப்பதில்லை. ‘செக்யுலர்’ என்பதற்குப் பாகிஸ்தானில் பரவிய இணை ‘லாதீனி’. ‘லா’ இல்லை, ‘தீன்’ மதம். மதமற்ற, கேட்பவர் காதில் மதத்துக்கு எதிரான. இந்திய அரசியல் சட்ட முகவுரையின் உருது வடிவம் ‘கைர் மஸ்ஹபீ’ என்கிறது, மதம் சாராத. ஒரே ஆங்கிலச் சொல். ஒரு நாட்டில் அதன் இணையைக் கேட்டதுமே விவாதம் முடிந்துவிடுகிறது, இன்னொரு நாட்டில் விவாதிக்க இடம் இருக்கிறது. கராச்சியில் செக்யுலரிசத்தை ஆதரித்து எழுதுபவர்கள் அதனால்தான் ‘செக்யுலர்’ என்றே உருதுவில் எழுதுகிறார்கள். ஜம்ஹூரியத்தின் பாடு வேறு. உருதுவில் அது ஜனநாயகம். சொல்லைத் தந்த அரபியிலோ ஜும்ஹூரிய்யா என்றால் குடியரசு, ஜனநாயகத்துக்கு அவர்கள் திமுக்ராத்திய்யா என்று ஐரோப்பியச் சொல்லையே வைத்துக்கொண்டார்கள்.

இவ்வளவு குழுக்களுக்கும் வெளியே மூன்றாவது வாசல் எப்போதும் திறந்தே இருந்தது. ஹாஸ்பிட்டல் ‘அஸ்பதால்’ ஆனது, லாண்டர்ன் ‘லால்டேன்’ ஆனது, ஜெனரல் ‘ஜர்னேல்’, ரெக்ரூட் ‘ரங்ரூட்’. சொல்லின் தலையில் ‘ஸ்’ இன்னொரு மெய்யோடு சேர்ந்து வந்தால் முன்னால் ஓர் இகரம் போட்டு ‘இஸ்கூல்’, ‘இஸ்டேஷன்’ என்பார்கள். வடசென்னைக்காரருக்கு இதில் விளக்கம் தேவையில்லை. சில நேரம் பாதி வாசல் வழியாகவும் சொல் வரும். பாகிஸ்தானில் அடையாள அட்டை ‘ஷனாக்தீ கார்டு’. நாடாளுமன்றக் கீழவை ‘கௌமீ அசெம்ப்ளி’. பாதி உருது, பாதி ஆங்கிலம். ஆனால் எல்லோரும் சொல்கிறார்கள். விமான நிலையத்துக்கு ‘ஹவாயீ அட்டா’ என்ற அருமையான சொல் கையில் இருந்தும் டாக்ஸிக்காரர் ‘ஏர்போர்ட்’ என்றுதான் கேட்பார்.

இன்று தேடுகிறவருக்குக் கருவிக்குப் பஞ்சமில்லை. ஃபாலன், பிளாட்ஸ், ஷேக்ஸ்பியர் மூவரையும் சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. டெல்லியின் ரேக்தா அறக்கட்டளையின் அகராதி உருது எழுத்து தெரியாதவருக்கும் தேவநாகரியிலும் ரோமன் எழுத்திலும் சொல் காட்டுகிறது. கராச்சியின் உருது அகராதிக் குழுமம் 22 தொகுதிகளில் முடித்த பேரகராதி உருதுவுக்கு உருது. ஆங்கிலத்திலிருந்து வருகிறவருக்கு நான் பரிந்துரைப்பது ஷானுல் ஹக் ஹக்கி தொகுத்து ஆக்ஸ்ஃபோர்டு 2003இல் வெளியிட்ட அகராதி. கவிஞர் செய்த அகராதி. சொற்களைச் செவியால் சோதித்திருக்கிறார். பழைய நூல் படிக்க பிளாட்ஸ், பேச்சுக்கும் பழமொழிக்கும் ஃபாலன், சட்டத் தாளுக்குத் தாஜிராத்தின் ஏதாவது ஒரு பதிப்பு. ஒரே அகராதியை வைத்துக்கொண்டு மொழிபெயர்க்கிறவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் கடைசி வகைதான். ‘முல்ஜிம்’ என்றால் குற்றம் சாட்டப்பட்டவர், ‘முஜ்ரிம்’ என்றால் குற்றம் உறுதியானவர். காதுக்கு இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கும். இதில் கவனமில்லாமல் எழுதினால் விசாரணை தொடங்காதவரும் தண்டனை பெற்றவர் ஆகிவிடுவார்.